பரிசுச்சீட்டு யாருக்கு உரியது? உடைமை வழக்கும் இலக்கியப் பார்வையும்

முன்னுரை

கெடா மாநில அரசு, சூதாட்டக் கடைகளின் வணிக உரிமங்களைப் புதுப்பிப்பதில்லை என 2021 நவம்பரில் அறிவித்தது. 2023 ஜனவரி முதல் அம்முடிவு நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2024 ஜூனில் அலோர் ஸ்டார் உயர் நீதிமன்றம் அம்முடிவு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. சீட்டை விற்கலாமா என்பதே அவ்வழக்கின் பொருள். விற்ற சீட்டுக்குப் பரிசு விழுந்தபின், அது யாருக்கு உரியது என எழும் வழக்கோ வேறு வகையானது. முன்னது அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடைப்பட்டது. பின்னது நண்பருக்கும் நண்பருக்கும், கணவனுக்கும் மனைவிக்கும் இடைப்பட்டது. இலக்கிய மாணவர் கருதத்தக்கது பின்னதே என்பது நம் எண்ணம். இக்கட்டுரை அவ்வுடைமைச் சிக்கலைச் சட்டமும் புனைவும் எவ்வாறு அணுகியுள்ளன என ஆராய முற்படுகிறது.

பரலும் ஓலையும்

உடைமை வழக்கு தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் ஒரு சிலம்பு யாருடையது என்னும் வினாவின்மேல் நிற்கிறது. கோவலன் கையில் சிலம்பு இருந்தது. அதனையே களவுக்குச் சான்றாகப் பாண்டியன் கொண்டான். கண்ணகி சிலம்பை உடைத்தபோது முத்துக்கு மாறாக மாணிக்கம் வெளிப்பட, உண்மை விளங்கியது. பெரியபுராணத்தில் சுந்தரரைத் தம் அடிமை என உரிமை கொண்டாடும் முதியவர் ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதனைக் கிழித்துவிடவே, திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலை வெளிவருகிறது. பாட்டனாரின் கையெழுத்து ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டு வழக்கு முடிகிறது.

இவ்விரு வழக்குகளிலும் ஆராய்வதற்கு ஒரு பொருள் இருந்தது. சிலம்பினுள் பரல் இருந்தது. ஓலையில் கையெழுத்து இருந்தது. நாலு நம்பர் சீட்டிலோ இவை இரண்டும் இல்லை. அதில் எண் உண்டு, நாள் உண்டு, தொகை உண்டு. வாங்கியவர் பெயர் இல்லை. உடைத்துப் பார்க்க உள்ளே ஒன்றுமில்லாத சான்று அது. ஆகவே சீட்டு யார் கையில் உள்ளது என்பதோடு வழக்கு முடிந்துவிடுவதில்லை. யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதைத் தேடிச் செல்ல வேண்டியதாகிறது.

சட்டம் காட்டும் வழி

பரிசுச்சீட்டு என்பது யாது என்ற வினாவே நீதிமன்றங்களை நெடுநாள் அலைக்கழித்துள்ளது. தமிழ்நாட்டரசின் விற்பனை வரி தொடர்பான வழக்கொன்றில் 1985இல் இந்திய உச்ச நீதிமன்றம், சீட்டில் இரண்டு உரிமைகள் அடங்கியுள்ளன என்றது. குலுக்கலில் பங்குபெறும் உரிமை ஒன்று; வாய்ப்பைப் பொறுத்துப் பரிசு பெறும் உரிமை மற்றொன்று. 2006இல் அதே நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இப்பகுப்பை ஏற்கவில்லை. சீட்டு விற்பனைச் சரக்கன்று. கோரிப் பெறத்தக்க ஓர் உரிமைக்கு அது சான்று மட்டுமே என அவ்வமர்வு முடிவு செய்தது. வரிவிதிப்பை ஒட்டி எழுந்த கருத்தாயினும் நம் ஆய்வுக்கு இது துணைசெய்கிறது. தாள் சான்று மட்டுமே எனின், தாளை வைத்திருப்பவரும் உரிமையுடையவரும் வேறு வேறாக இருக்கக்கூடும்.

இங்கிலாந்தில் 1955இல் தீர்ப்பான ஒரு வழக்கு இதனைத் தெளிவுபடுத்தும். ஒரு மூதாட்டி, அவர் பேத்தி, அவ்வீட்டில் பணம் கொடுத்துத் தங்கியிருந்த ஒரு பெண் ஆகிய மூவரும் ஞாயிறு இதழொன்றின் போட்டிக்கு வாரந்தோறும் கூடி விடையனுப்பி வந்தனர். விடைத்தாள் மூதாட்டியின் பெயரில் மட்டுமே சென்றது. அஞ்சற்செலவை ஒருமுறை ஒருவரும் மறுமுறை மற்றொருவரும் ஏற்றனர். 750 பவுன் பரிசு விழுந்தபோது, தங்கியிருந்த பெண்ணுக்குப் பங்கு தர மூதாட்டி மறுத்தார். வீட்டுக்குள் நடந்த பேச்சு சட்டத்தைக் கட்டுப்படுத்தாது என்பது அவர் வாதம். நீதிபதி அதனை ஏற்காமல், மூவரும் கூட்டாக மேற்கொண்ட முயற்சி அது எனக் கண்டு மூன்றிலொரு பங்கான 250 பவுனை வழங்கினார். பரிசைப் பற்றித் தாளில் இருந்த ஒற்றைப் பெயரை வாய்ச்சொல் வென்றது எனலாம்.

பந்தய ஒப்பந்தம் செல்லாது என்னும் விதியைக் காட்டிப் பங்கு மறுப்பவரும் உண்டு. மலேசிய ஒப்பந்தச் சட்டம் 1950இன் 31ஆம் பிரிவு, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 30ஆம் பிரிவை அடியொற்றியது. அந்த இந்தியப் பிரிவை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், பந்தயம் செல்லாததே தவிரச் சட்டவிரோதமன்று என 1959இல் கூறியது. பந்தயத்தில் ஈடுபடக் கூடியவர்கள் தமக்குள் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் அதனால் கெடாது என்றும் தெளிவுபடுத்தியது. அத்தீர்ப்பு நம் நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் பந்தயம் வேறு, பங்காளிகளின் சொல் வேறு என்னும் அதன் பகுப்பு கருதத்தக்கது.

புனைவு காட்டும் வழி

உருசிய எழுத்தாளர் செகாவ் 1887இல் பரிசுச்சீட்டைப் பொருளாகக் கொண்டு ஒரு சிறுகதை எழுதினார். சீட்டு மனைவியுடையது. செய்தித்தாளில் வரிசை எண் பொருந்தியிருப்பதைக் கணவன் காண்கிறான். சீட்டெண்ணைப் பார்க்காமல் தாழ்த்துகிறான். அவ்விடைவெளியில் இருவரும் கனவு காண்கின்றனர். பின்னர் சீட்டு அவளுடையது என்னும் நினைவு அவனை உறுத்துகிறது. அவளும் அவன் நோக்கத்தை உணர்ந்து பகைமை கொள்கிறாள். இறுதியில் எண் பொருந்தவில்லை; பகைமை மட்டும் எஞ்சுகிறது. பரிசே விழாத ஓர் உடைமை வழக்கை நடத்திக் காட்டியதில் செகாவின் திறன் விளங்குகிறது.

2023இல் செல்வக்குமார் இயக்கத்தில் வெளிவந்த 'பம்பர்' என்னும் தமிழ்த் திரைப்படம் வேறு திசையில் செல்கிறது. தூத்துக்குடி இளைஞன் ஒருவன் சபரிமலைப் பயணத்தில் வாங்கிய கேரளச் சீட்டைத் தவறவிடுகிறான். அதனைக் கண்டெடுத்த முதிய விற்பனையாளர் இசுமாயில், அதற்குப் பெரும்பரிசு விழுந்ததை அறிந்தும், உரியவனைத் தேடிப் புறப்படுகிறார். அவர் நேர்மை பார்ப்பவரை நெகிழச் செய்கிறது. ஆயினும் ஒரு குறையை நாம் சுட்டாமலிருக்க இயலாது. சீட்டு யாருடையது என்பதில் இப்படத்தில் ஐயமே இல்லை. அவன் வாங்கினான், அவர் திருப்பித் தர வேண்டும். எஞ்சுவது மனவுறுதி பற்றிய வினா மட்டுமே. உடைமை பற்றிய வினா எழவில்லை.

வாழ்க்கை இதனினும் கடிய வினாவை எழுப்பியுள்ளது. 2021 மார்ச்சில் கேரளத்தின் ஆலுவா அருகே, சீட்டு விற்கும் பெண்ணொருவர் விற்காமல் எஞ்சிய சீட்டுகளுக்காக வழக்கமான வாடிக்கையாளர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் ஒரு சீட்டைத் தெரிவு செய்து, 200 ரூபாயைப் பின்னர் தருவதாகச் சொன்னார். அச்சீட்டுக்கு 6 கோடி ரூபாய் விழுந்தது. பணம் கைமாறவில்லை, சீட்டும் கைமாறவில்லை. சாட்சி இருவரின் சொல்லே. அப்பெண் சீட்டை அவரிடமே ஒப்படைத்தார். தருகிறேன் என்னும் வாக்குறுதியே ஒப்பந்தத்துக்குப் போதிய கைம்மாறாகும் என்பது சட்டம் கற்றோர் அறிந்தது. அவர் சட்டத்தைத் தேடிச் செல்லவில்லை, சொல்லைக் காத்தார். திரைக்கதை தொடாமல் விட்ட முடிச்சு இந்நிகழ்வில் அவிழ்வதைக் காண்கிறோம்.

கெடாச் சூழல்

இவ்வினா கெடாத் தமிழருக்கு ஏன் நெருக்கமானது? பீடோங்கில் 1942இல் பிறந்த கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' (1981) புதினத்தில், வாழ்ந்த மண்ணுக்குப் பத்திரமில்லாமல் இரு தலைமுறைகள் அல்லலுறுகின்றன. பெரியதாயும் நைனாவும் உழைத்து ஊன்றிய இடம் தாளின்படி அவர்களுடையதன்று. உடைமையுணர்வு இருந்தும் தாள் இல்லாமற்போன அவலம் அது. பரிசுச்சீட்டு இதன் மறுதலை: தாள் இருக்கிறது, அதில் எவர் பெயரும் இல்லை.

தோட்டத்துத் தொழிலாளர் நால்வர் தலைக்கு ஒரு வெள்ளி போட்டு, சுங்கைப்பட்டாணிக்குப் போகும் ஒருவரிடம் நம்பர் எடுத்துவரக் கொடுத்தனர் எனக் கொள்வோம். அச்சொல்லைப் பிரட்டுக் களத்தில் பலர் கேட்டிருப்பர். லயத்தில் அண்டை வீட்டார் அறிந்திருப்பர். கூட்டுப் பணம் கட்டுவதும் அத்தகைய நம்பிக்கையால் நடந்ததே. மறுத்தவர் மறுநாளும் அவர்கள் முகத்தில் விழித்தாக வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரத்துத் தாமான் வீடுகளுக்குச் சிதறியபின், அதே சொல்லைச் சொல்வோர் இருக்கலாம். கேட்டோர் அருகில் இல்லை. தோட்டம் கலைந்தபோது வாய்ச்சொல்லுக்கு இருந்த சாட்சிகளும் கலைந்தனர். சீட்டு வழக்கின் உண்மையான இழப்பு பரிசுத்தொகையன்று, இதுவே என்று நாம் கருதுகிறோம்.

முடிவுரை

பரிசுச்சீட்டுக் கதைகளைப் பேராசை கேடு தரும் என்னும் நீதிக்குள் அடக்குவது எளிது. வகுப்பறையிலும் அவ்வாறே செய்கிறோம். "பரிசு விழுந்தால் என்ன செய்வாய்?" எனக் கட்டுரைத் தலைப்பும் தருகிறோம். அதனைவிட, "குலுக்கலுக்கு முன் என்ன பேசிக்கொண்டார்கள்? அதனைக் கேட்டவர் யார்?" என மாணவரை வினவச் செய்வது பயனுடைத்து. அவ்வினாவுக்கு விடை தேடும் மாணவன் பாட்டனாரிடம் தோட்டத்துக் கதையைக் கேட்பான். கண்ணகிக்குச் சிலம்பு துணைநின்றது. பெயரில்லாச் சீட்டை வைத்து நியாயம் கேட்பவருக்கு உடனிருந்தோரின் நினைவே துணை. அந்நினைவைப் பதிவு செய்யும் கடமை கெடாத் தமிழ்ப் படைப்பாளருக்கும் ஆசிரியருக்கும் உண்டு.