கையறுநிலை யாருக்கு?

வள்ளல் மறைந்தபின் அவனைச் சார்ந்தோர் வருந்திப் பாடுவது கையறுநிலை. பாரிக்குக் கபிலர் பாடினார். சயாம் இரயில்பாதையில் 1942-43ஆம் ஆண்டுகளில் மாண்ட மலாயாத் தமிழ்த் தொழிலாளர்க்குப் பாடியவர் யார்? காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு; தொழிலாளர் பல்லாயிரவர்க்கு அவ்வாறு இல்லை.

இக்குறையை ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இலேயே உணர்த்திற்று. அதன்பின் வந்த கோ. புண்ணியவானின் ‘கையறு’ புறத்துறையின் பெயரைத் தாங்கி, மன்னர்க்கும் வள்ளல்கட்கும் உரிய இரங்கலைத் தோட்டத் தொழிலாளிக்கும் உரிமையாக்குகிறது. தலைப்பின் சிறப்பு இதுவே.

மாண்டோர் தொகையைச் சரித்திரம் ஆராயும். மாண்டவனுக்கும் ஒரு வீடும் பேச்சும் இருந்தன என்பதை நாவலே காட்ட வேண்டும். வாசிக்க அடுக்கிவைத்த புதுநாவல்களை வாசகர் இவ்வளவுகோலால் அளத்தல் நன்று. ஆளைக் காட்டாது துயரத்தை மட்டும் அடுக்கும் நூல் இரங்கலாகாது.