ஐந்து டொலரின் கதை

1922ஆம் ஆண்டிலே ஹென்றி போர்ட், சாமுவேல் குரோதரின் துணையுடன் தம் வாழ்வையும் தொழிலையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மோட்டார் வண்டி உற்பத்தியிலே தொழிலாளியின் ஊதியம் எவ்வாறு ‘செலவு’ ஆகிறது என்பதை அறிய விழைவோர், பொருளியல் அட்டவணைகளைப் புரட்டுமுன் இந்நூலைப் படித்தல் நன்று. தன்வரலாறு என்ற வகையில் இது பெருமளவு தற்புகழ்ச்சியே. எனினும் ஆசிரியர் கருதாமலே உண்மையைச் சொல்லிவிடும் நூல்கள் சில உள; இதுவும் அத்தகையது.

1914 ஜனவரியிலே, ஒன்பது மணி நேரத்துக்கு 2.34 டொலராக இருந்த நாட்கூலி, எட்டு மணி நேரத்துக்கு 5 டொலர் என அறிவிக்கப்பட்டது. உலகம் அதனை வள்ளன்மை என வியந்தது. போர்டோ, தாம் செய்த சிறந்த செலவுக் குறைப்புகளுள் அதுவும் ஒன்று என்கிறார்! அவர் தரும் கணக்கு இது: 14,000 பேரை நிலைநிறுத்த ஆண்டுக்கு 53,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது, 1915இலே 6,508 பேரே போதுமாயிற்று. நகர்ந்துவரும் சட்டகத்தின் முன் ஒரே அசைவை நாள்முழுதும் செய்யும் வேலையை மனிதர் எவ்வளவு வெறுத்தனர் என்பது இவ்வெண்களிலே தெரிகிறது. அந்த ஐந்து டொலரும் முழுதும் கூலியன்று. ஏறத்தாழப் பாதி இலாபப் பங்கு. அதனைப் பெறுவதற்குத் தொழிலாளியின் வீடும் குடியும் சேமிப்பும் கம்பனி ஆய்வாளரின் கண்ணுக்குத் தப்பக்கூடாது.

நூலிலே என் நெஞ்சை விட்டகலாத பகுதி ஒன்றுண்டு. வண்டி செய்ய வேண்டிய 7,882 வேலைகளுள் 670ஐக் காலில்லாதோரும், 2,637ஐ ஒற்றைக் காலினரும், 715ஐ ஒற்றைக் கையினரும், 10ஐக் கண்ணற்றோரும் செய்யலாம் என்கிறார். அத்தகையோருக்கு அவர் முழுக்கூலி கொடுத்தமையை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் மனிதனை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காணும் அந்தக் கண்ணே ஊதியத்தையும் காண்கிறது.

அப்டன் சிங்கிளயர் 1937இலே போர்டைப் பற்றி எழுதிய நாவல் மறுபக்கத்தைக் காட்டுகிறது. கலைநோக்கிலே அது குறையுடையதே. தொழிலாளி அப்னர் ஷட், செய்திகளை மாட்டிவைக்கும் ஆணியாகவே பல இடங்களில் நிற்கிறான். ஆனால் கூலி அங்கே ஒரு குடும்பத்தின் வாழ்வும் தாழ்வுமாகிறது. இரு நூல்களையும் ஒருங்கே படிக்குமாறு மாணவர்க்கு நான் கூறுவதுண்டு.

யார் கூறும் கதை என்ற வினாவை எண்களிடமும் கேட்டல் வேண்டும். 1950இலே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் ஐக்கிய மோட்டார்த் தொழிலாளர் சங்கமும் செய்த ஐந்தாண்டு ஒப்பந்தத்திலே ஓய்வூதியமும் மருத்துவ உதவியும் ஊதியத்தோடு பிணைக்கப்பட்டன. 2008ஆம் ஆண்டு நெருக்கடியின்போது, அமெரிக்க மோட்டார்த் தொழிலாளி மணிக்கு 70 டொலருக்கு மேல் பெறுகிறான் எனப் பத்திரிகைகள் எழுதின. அவன் கைக்கு வந்த கூலியோ ஏறத்தாழ 28 டொலர். ஓய்வுபெற்றோருக்கான செலவையும் கூட்டி, வேலையில் எஞ்சியிருந்தோரின் மணிகளால் வகுத்துப் பெற்ற தொகை அது. ஆட்களைக் குறைக்கக் குறைக்க ‘தொழிலாளியின் விலை’ ஏறும் விந்தைக் கணக்கு! 2007 ஒப்பந்தப்படி புதிதாகச் சேர்ந்தவனுக்கு மணிக்கு 14 டொலரளவே கிடைத்தது; 70 டொலர்க் கதையிலே அவனுக்கு இடமேயில்லை. 2023இலே மூன்று பெரிய நிறுவனங்களையும் ஒருங்கே எதிர்த்து ஆறு வாரமளவு வேலைநிறுத்தம் செய்தபோது, அப்பிளவை ஒழிப்பதும் சங்கத்தின் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது.