ஒரு தீர்ப்பும் 10,000 ரூபாயும்

தீர்ப்புகளை இலக்கியமாக வைத்துப் படிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. அப்படிப் படிக்கும்படி எழுதுகிற நீதிபதிகளும் குறைவு. எனினும், 1978 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய மோதிராம் வழக்குத் தீர்ப்பை நாவல் எழுதுகிறவன் படித்தே தீரவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கதை சிறியது. மத்தியப் பிரதேசத்து ஏழைக் கொத்தனார் ஒருவரை ஜாமீனில் விடும்படி உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. தொகை எவ்வளவு, ஜாமீன் நிற்பவர் யார் என்பதை மட்டும் கீழே மாஜிஸ்ட்ரேட்டிடம் விட்டது. அவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். கொத்தனாரின் சகோதரர் முன்வந்தார். அவரும் அவர் சொத்தும் வேறு ஜில்லாவில் இருப்பதாகச் சொல்லி அவரைத் தள்ளிவிட்டார் மாஜிஸ்ட்ரேட். மறுபடி டில்லிக்கு மனுப் போன பிறகே, 1,000 ரூபாய்க்குச் சொந்த முச்சலிக்கா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வரலாம் என்று ஆயிற்று.

கிருஷ்ணய்யரின் இங்கிலீஷ் சுலபமானதல்ல. வார்த்தைகளின் மேல் அவருக்கிருந்த மோகம் சில இடங்களில் விஷயத்தையே மறைத்துவிடும். ஆனால் இங்கே அவர் கேட்கிற கேள்வி குழந்தைக்கும் புரியும். ஊர் விட்டு ஊர் போனவன், பாஷை தெரியாத இடத்தில் பிடிபட்டால், அவ்வூரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான்? 1948-ல் தாமே சிறை கண்டவர், 1957-ல் கேரள மந்திரிசபையில் சட்டம், சிறை இலாகாக்களை வகித்தவர், கேட்கவேண்டிய கேள்விதான் அது.

ஜாமீன் எதற்கு? விசாரணைக்கு ஆள் தவறாமல் வரவேண்டும் என்பதற்காக. வருவானா என்று அறிய அவன் தொழில், குடும்பம், முன்பு வாய்தாவுக்கு வந்த விதம் இவற்றைப் பார்க்கலாம். நம் கோர்ட்டுகள் பெரும்பாலும் பார்ப்பது பட்டாவையும் சொத்து மதிப்புச் சான்றையும்தான். கூலி வேலையையும் பிள்ளைகளையும் விட்டு ஓட வழியற்றவன் உள்ளே கிடக்கிறான். பாஸ்போர்ட்டும் பாங்கிக் கணக்கும் உள்ளவன் சாயங்காலமே வீட்டுக்குப் போகிறான். கோர்ட்டு வாசலில் கூலிக்கு ஜாமீன் நிற்பவர்கள் முளைத்ததும் இதனால்தான். முன்பின் அறியாதவனுக்காகப் பணம் வாங்கிக் கையெழுத்திட்டவன் அவனை வாய்தாவுக்கு எப்படி அழைத்து வருவான்?

தீர்ப்பில் குறை இல்லாமல் இல்லை. மாஜிஸ்ட்ரேட்டுகள் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று அது சொல்லவில்லை. தொகை மிதமிஞ்சிப் போகக்கூடாது என்று 1973-ஆம் வருஷத்துச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. இடையே 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பேசவேண்டியிருந்தது: ஜாமீன் கிடைத்தும் பலர் வெளியே வராததற்கு உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்துவது ஒரு காரணம், ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே யோசிக்கலாம் என்று. கொத்தனார் விடுதலையாகி 44 வருஷங்களுக்குப் பிறகு, அதே ஜில்லா எல்லைச் சமாசாரம்!

நல்ல தீர்ப்பு என்று பாராட்டி அலமாரியில் வைத்துவிடுவது நமக்குச் சுலபம். ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவனின் பெயர் தம் மேஜைக்கு வருகிறபோது, அவன் கூலி என்ன என்று கேட்டு, அதற்கேற்ப முச்சலிக்கா வாங்கி அனுப்பிவைக்கிற மாஜிஸ்ட்ரேட்தான் அதைப் படித்தவர்.