ஹிஜ்ரத்தும் சபரும்

பிழைப்புத் தேடி வேற்றுநாட்டில் நிலையாகக் குடியேறுவதையும் 'ஹிஜ்ரத்' என்று எழுதும் போக்கு நம் எழுத்தாளர் சிலரிடம் காணப்படுகிறது. மேலை ஆசிரியர்களைப் பின்பற்றி அச்சொல்லை 'ஓட்டம்' எனப் பெயர்த்த பழைய பிழையைப் பலர் கண்டித்துள்ளனர். இஃது அதனினும் நுண்ணிய பிழை.

ஹ-ஜ-ர எனும் வேருக்குத் துறத்தல், உறவறுத்தல் என்பன பொருள். இதன் கடுமை, கி.பி. 622இல் பெருமானார் (ஸல்) மக்காவைப் பிரிந்ததைக் காட்டிலும், 630இல் அந்நகர் வசமான பின்னரே நன்கு விளங்குகிறது. பிறந்த மண் கைக்கு வந்தும் அவர்கள் மதீனாவுக்கே திரும்பினார்கள். ஹஜ்ஜுக் கிரியைகள் முடிந்தபின் முஹாஜிர்கள் மக்காவில் மூன்று நாள்களே தங்கலாம் என்பது நபிமொழி. விட்டது விட்டதுதான்! உமறுப்புலவர் சீறாவின் மூன்று காண்டங்களுக்கும் அரபுப் பெயரே இட்டார். விலாதத்தையும் நுபுவ்வத்தையும் பிறப்பு, நபித்துவம் என ஒருவாறு சொல்லிவிடலாம். ஹிஜ்றத்துக்கு நிகரான ஒரு சொல் நமக்குக் கிட்டவில்லை.

பொருள் தேடிக் கடல் கடந்தோரை நம் ஊர்களில் 'சபராளி' என்பர். சபர் என்பது பயணம். திரும்பி வருதல் அதனுள் அடக்கம். ஓரூரில் குடியிருக்க நிய்யத் வைத்தவருக்குத் தொழுகையைச் சுருக்கும் சலுகை இல்லை. ஆகவே கனடாவிலோ பிரிட்டனிலோ குடியுரிமை பெற்று, ஊர்ப் பள்ளிவாசலின் கபரஸ்தானையும் மறவாதிருப்பவர் சபராளியல்லர், முஹாஜிரும் அல்லர். அவருக்குப் 'புலம்பெயர்ந்தோர்' என்பதே போதும். பட்டினப்பாலை, புகாரில் கலந்து வாழ்ந்த அயலாரைக் குறித்த சொல்தான் அது.