குந்திச் சிரிக்கும் படம்

தொடை எலும்பு முறிந்து ராடு வைத்தவர் சில மாதம் கழித்து மருத்துவரிடம் போனால், முதலில் எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்வார்கள். அமெரிக்க எலும்பு மருத்துவர் லூயிஸ் ஜிர்க்கிள் தொடங்கிய 'சைன்' அமைப்பு கூடவே இன்னொரு படமும் கேட்கிறது. நோயாளி குந்தி உட்கார்ந்து சிரிக்க வேண்டும். அதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும்.

எத்தனை நுட்பமான கேள்வி! குந்துவதற்கு இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் மடங்க வேண்டும். எலும்பு கூடியிருந்தால்தான் உடம்பின் எடையை அது தாங்கும். வலி மிச்சமிருந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். எவ்வளவு தாழ உட்கார்ந்தார், எதையாவது பிடித்துக்கொண்டாரா, முகம் எப்படி இருந்தது என்று பார்த்தால் போதும். தான்சானியாவில் இந்தச் சோதனையை முறையாக ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டிருக்கிறார்கள். களை பறிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் அடுப்பு மூட்டவும் குந்தியே ஆகவேண்டிய மனிதருக்கு, குணமானதன் அளவுகோல் இதைவிட வேறென்ன இருக்க முடியும்?

ஜிர்க்கிள் வியட்நாம் போரில் ராணுவ மருத்துவராக இருந்தவர். ஏழை நாடுகளில் கால் முறிந்தவர்கள் எடை கட்டித் தொங்கவிட்ட காலோடு வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடப்பதைப் பார்த்தவர். 1999-ல் வாஷிங்டன் மாநிலத்து ரிச்லாண்டில் அமைப்பைத் தொடங்கினார். அங்கே உருவாகும் ராடுதான் என்னை மிகவும் கவர்ந்தது.

எலும்புக்குள் ராடைச் செலுத்துவது பாதி வேலை. அதன் அடிமுனையில் உள்ள துளைக்கு நேராக, வெளியிலிருந்து ஸ்க்ரூ போட வேண்டும். துளையோ எலும்புக்குள் மறைந்திருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையில் பார்த்துப் போடுவார்கள். கருவி இல்லாத ஊரில்? ராடின் தலையில் ஒரு நீளக் கைச்சட்டத்தைப் பொருத்தினார்கள். அது காலுக்கு வெளியே ராடுக்கு இணையாக இறங்கி, துளை இருக்கும் இடத்தைக் காட்டும். அந்த இடத்தில் எலும்பைத் துளையிட்டு, ஒரு மெல்லிய கம்பியை விட்டு, கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டியால் துழாவுவதுபோல் மருத்துவர் துழாவுகிறார். உலோகம் உலோகத்தில் உரசுவதைக் கை உணர்கிறது. தேட எளிதாக, துளையையும் வட்டமாக வைக்காமல் நீளவாட்டில் வைத்திருக்கிறார்கள். எலும்பின் உட்குழலை அகலமாக்குவதும் கையால்தான், மின்சாரம் வேண்டாம்.

ராடுக்கு நோயாளி பணம் தருவதில்லை. செய்த அறுவைச் சிகிச்சையின் எக்ஸ்ரேயையும் விவரத்தையும் மருத்துவர் இணையப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். செலவான ராடுக்கு ஈடாகப் புதியது வரும். ஏற்றியவற்றைப் படித்து ஜிர்க்கிளே யோசனை எழுதியிருக்கிறார். பாடம் நடத்துவதும் ஆய்வுக்குத் தரவு சேர்ப்பதும் ஒரே செயலாகிவிட்ட இந்த ஏற்பாட்டை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

2005-ல் பாகிஸ்தானிலும் 2010-ல் ஹெய்ட்டியிலும் நிலநடுக்கம் வந்தபோது இந்த ராடு கைகொடுத்தது. வெளிநாட்டுக் குழுக்கள் சில வாரங்களில் ஊர் திரும்பிவிடும். தொடை எலும்பு கூட மாதங்கள் ஆகும். அதுவரை நோயாளியைப் பார்க்கப்போவது உள்ளூர் மருத்துவர்தான். கருவியும் பயிற்சியும் அவரிடம் இருந்தாக வேண்டும். பேரிடர் நிவாரணத்துக்குப் பணம் தருகிறவர்கள், உள்ளூர் மருத்துவர் கையில் என்ன மிஞ்சும் என்று ஒருமுறை கேட்டுவிட்டுத் தாருங்கள்.