கண்டுபிடித்தவரும் அழைத்தவரும்

குற்றக் கதையில் மறையுரைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வியக்கலாம். அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் அட் தி விக்கரேஜ்' (1930) நாவலில் கதை சொல்பவரே செயிண்ட் மேரி மீட் என்னும் கற்பனைச் சிற்றூரின் ஆங்கிலிக்கன் குரு. ஊரார் வெறுக்கும் கர்னல் புரோத்தரோ ஒழிந்தால் உலகிற்கு நன்மையே என்று உணவு வேளையில் வாய் தவறிச் சொல்கிறார். விரைவிலேயே கர்னல் குருமனையின் வாசிப்பறையில் சுடப்பட்டு இறந்து கிடக்கிறார்!

துப்புத் துலக்குபவர், தோட்டத்தில் நின்றவாறே ஊரைக் கவனிக்கும் மூதாட்டி மிஸ் மார்ப்பிள். தம் ஊரின் சிறு நிகழ்ச்சிகளைக் கொண்டே பெருங்குற்றத்தை அளந்தறிகிறார். பாவம் பெருநகருக்கு மட்டும் உரியதன்று என்னும் இப்பார்வை நகைச்சுவையோடு கலந்து வருவது நாவலின் சிறப்பு.

ஆயினும் ஒரு குறை உண்டு. மாண்டவருக்காக வருந்துவோர் அரிது. மனித உயிர் வெறும் புதிராகிவிடுகிறது. புதிர் அவிழ்ந்ததும் ஊர் தேநீருக்குத் திரும்பிவிடுகிறது. இத்தகைய கதைகள் தரும் இதம் இந்த மறதியில்தான் பிறக்கிறது. சிரித்துக்கொண்டே படித்த நானும் கர்னலுக்காக இரங்கவில்லை என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

ஆசிரியர் இம்மறதியை ஓரிடத்தில் கலைக்கிறார். சாந்தமான அக்குரு, பாவிகளை மனமாற்றத்திற்கு அழைக்கும் நற்செய்தியை எடுத்துக்கொண்டு, வழக்கத்திற்கு மாறான அனலோடு மறையுரை ஆற்றுகிறார். கேட்போருள் ஒருவரின் உள்ளம் கலங்குகிறது.

மூதாட்டி பாவியைக் கண்டுபிடிக்கிறார். குருவோ பாவியை அழைக்கிறார். அயலாரின் குற்றத்தை அறிய நாம் காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கேனும் அவர்களை அழைப்பதில் காட்டுகிறோமா?