ஷெனாயின் மாறுபாட்டுக் குறிப்பு: ஒரு மறுவாசிப்பு

இந்தியாவின் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தை ஆராயுமாறு 1955 ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற பொருளியலாளர் குழுவிலே, ஏனையோர் அனைவரும் ஒருமித்துக் கையொப்பமிட, ஒருவர் மாத்திரம் தமது மாறுபாட்டைத் தனிக் குறிப்பாக எழுதிக் கொடுத்தார். அவரே பெல்லிக்கோத் இரகுநாத் ஷெனாய். சமதர்மத் திட்டமிடலை எதிர்த்துத் தடையற்ற சந்தையை வேண்டிநின்ற இந்தியப் பொருளியலாளருள் அவரைத் தலையாயவர் எனலாம். அவருடைய கருத்துகளைப் போற்றுவோரும் தூற்றுவோரும் அக்குறிப்பை முழுமையாகப் படித்தவர்தாமா என்ற ஐயம் நமக்கு அடிக்கடி எழுவதுண்டு.

1905 இல் காஞ்ஞங்காட்டை அடுத்த பெல்லிக்கோத்திலே பிறந்த ஷெனாய், காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலண்டன் பொருளியற் கல்லூரியிலும் பயின்றார். 1931 இல் அங்கு ஹயெக் நிகழ்த்திய விரிவுரைகள் அவருடைய சிந்தனையின் திசையை நிருணயித்தன. கெயின்சின் விலைமட்டச் சமன்பாடுகள் பற்றிய அவருடைய ஆய்வு அமெரிக்காவின் புகழ்பெற்ற பொருளியல் காலாண்டிதழிலே வெளிவந்தபோது அவருக்கு வயது முப்பதும் ஆகவில்லை. இலங்கையர் கவனிக்கவேண்டிய செய்தி அடுத்துவருவது. அவர் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவர். இலங்கையின் நாணயமும் வங்கியமைப்பும் பற்றி 1941 இல் ஒரு நூலும் வெளியிட்டவர். அக்காலத்து இலங்கையில் மத்திய வங்கி இல்லை. நாணயச் சபை தன் கையிருப்புக்கு ஏற்பவே தாள்களை வெளியிட்டது. அரசு நினைத்த மாத்திரத்தில் பணத்தை அச்சிட்டுச் செலவிட இடமிருக்கவில்லை. இத்தகைய அமைப்பை நுணுகி ஆராய்ந்த ஒருவர், பற்றாக்குறை நிதியாக்கத்தைப் பின்னாளில் அத்துணை அச்சத்தோடு நோக்கியதில் வியப்பில்லை. அவருடைய கொள்கையின் ஊற்றை ஹயெக்கிடம் மட்டும் தேடுவோர் கொழும்பு ஆண்டுகளையும் கருத்திற் கொள்ளுதல் தகும்.

இனி, குறிப்பின் சாரத்துக்கு வருவோம். மகலனோபிசின் வரைவை அடியொற்றி எழுந்த அத்திட்டம் அரசுத்துறைக்கு 4,800 கோடி ரூபாவை ஒதுக்கியது; அதிற் காற்பங்கு, அதாவது 1,200 கோடி, பற்றாக்குறை நிதியாக்கத்தால் ஈட்டப்பட இருந்தது. ஷெனாயின் வாதம் எளிது. ஒரு சமுதாயம் சேமிப்பதற்கு மேலாக முதலிட முயன்றால் இரண்டிலொன்று நிகழும். பணவீக்கத்தின் வழியே ஏழையின் வயிறு சுருக்கப்படும். அன்றேல் அரசு தன் அதிகாரத்தாற் சேமிப்பைப் பறிக்கும். பின்னது சனநாயகத்தோடு ஒத்துவராது. ஆதலால் திட்டத்தின் அளவு குறைக்கப்படல் வேண்டும். விலைக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்படல் வேண்டும். தேசியமயமாக்கல் மேலும் பரவலாகாது என்பன அவர் கொண்ட முடிபுகள்.

நிகழ்ச்சிகள் அவருக்குச் சான்று பகர்ந்தன. திட்டம் தொடங்கி ஈராண்டு கழிவதற்குள் இந்தியாவின் வெளிநாட்டுச் செலாவணி இருப்புக் கரைந்தது. 1966 இல் டொலருக்கு 4.76 ஆக இருந்த ரூபா 7.50 ஆக மதிப்பிறக்கப்பட்டது. இறக்குமதி அனுமதிப்பத்திரம் பெற்றவன் உழைப்பின்றி அடையும் இலாபத்தைப் பற்றி ஷெனாய் எழுதியவை இன்றும் கூர்மை குன்றாதவை. சமதர்மத்தின் பெயரால் இயங்கிய அமைப்பு வறியவனிடமிருந்து வசதியுள்ளவனுக்கே வருமானத்தை மாற்றிற்று என்பது அவருடைய குற்றச்சாட்டு. அதை மறுக்கவேண்டியவர்கள் பெரும்பாலும் அவரை வலதுசாரி என்று கூறுவதோடு அமைந்துவிட்டனர்.

அக்குற்றச்சாட்டை நம் சூழலிற் பொருத்திப் பார்க்கலாம். கலகெதரப் பகுதியின் வீட்டுத் தோட்டங்களிலே மரந்தோறும் மிளகுக் கொடி படர்ந்திருப்பதைக் காண்கிறோம். 1968 இல் இலங்கை அரசு அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறையைப் புகுத்தியபோது, மிளகு போன்ற சிறு ஏற்றுமதிகளுக்கு உயர்ந்த மாற்றுவீதம் கிட்டியது. தேயிலைக்கோ பழைய குறைந்த வீதமே தொடர்ந்தது. ஒரே மலைச்சாரலில் விளைந்த இரு பொருள்களின் டொலருக்கு இரு விலைகள்! தேயிலை ஈட்டிய செலாவணியில் ஒரு பங்கு இவ்வாறு மறைமுக வரியாகக் கழிந்தது. அச்சுமையின் ஒரு பகுதியேனும் கொழுந்து பறிப்பவளின் கூலியில் இறங்கியிருக்கும் என்று கொள்வதில் தவறில்லை. அவளுக்கு அந்த வரியின் பெயர்கூடத் தெரிந்திராது. இதனை விளக்க ஷெனாயின் பொருளியலைப்போல் உதவுவது வேறொன்றில்லை.

எனினும் அவரோடு முற்றாக உடன்பட நம்மால் இயலவில்லை. 1970 தொடக்கம் 1977 வரை நிலவிய இறக்குமதித் தடைகள் யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்ச் செய்கையாளருக்குப் பெருவாழ்வளித்தன. அதே ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களிலே தொழிலாளர் பட்டினியால் மாண்டனர். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையான வேளை, அவற்றிலே தலைமுறைகளாக உழைத்தோர் பலர் லயங்களிலிருந்து விரட்டப்பட்டனர். கட்டுப்பாடு ஒரு தமிழனை வாழவைத்தது. மற்றொரு தமிழனை வீதியில் விட்டது. சந்தையா அரசா என்று மட்டும் வினவும் ஷெனாயின் சட்டகத்துள் இவ்வேறுபாடு அடங்காது. காணியும் குடியுரிமையும் வாக்கும் அற்றவனுக்கு விலை தரும் சமிக்ஞை யாது பயன்? விலை பேசுவதற்கு முன்னரே தோற்றுப்போனவர்களைப் பற்றி அவருடைய குறிப்பிலே ஒரு சொல்லும் இல்லை. இது சிறு குறையன்று.

சந்தை ஆதரவாளர்களும் அவரை முழுமையாகப் பின்பற்றினார் அல்லர். 1977 நவம்பரில் இலங்கை தன் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. அதற்கு மூன்று மாதங்களின் பின், 1978 பெப்ரவரியில், ஷெனாய் காலமானார். அவர் வேண்டிய இறக்குமதித் தளர்வும் ஒருமித்த மாற்றுவீதமும் வந்தன. அவர் முதன்மையாக வற்புறுத்திய நிதிக் கட்டுப்பாடு வரவில்லை. மகாவலி முதலான பெருந்திட்டங்களுக்காகப் பற்றாக்குறை பெருகிற்று. 1980 இற் பணவீக்கம் 26 சதவீதத்தைத் தொட்டது. கூப்பன் அரிசிக்குப் பதிலாக 1979 இல் வழங்கப்பட்ட உணவு முத்திரையின் ரூபாப் பெறுமதி விலைவாசியோடு உயரவில்லை. அரிசிக் கூப்பன் அரிசியாகவே இருந்தது. முத்திரையோ ஆண்டுதோறும் தேய்ந்தது. ஷெனாய் 1955 இல் அஞ்சியதும் இதுவே; ஆனால் இதனைச் செய்தவர்கள் சமதர்மிகள் அல்லர்.

2022 ஏப்பிரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அதற்கு முந்திய ஈராண்டுகளில் வரிகள் குறைக்கப்பட்டு, மத்திய வங்கி பெருந்தொகைப் பணத்தை ஆக்கியிருந்தது. செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் முன்னைய ஆண்டைவிட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்தது. அந்த ஆண்டில் மிளகு விற்றவனுக்கு ரூபாவின் வீழ்ச்சி ஓரளவு ஈடு செய்தது. நாட்கூலி பெற்றவளுக்கு ஈடேதும் இருக்கவில்லை. முன்னவன் நிலையை ஷெனாயின் குறிப்பைக் கொண்டு விளக்கிவிடலாம். பின்னவள் நிலையை விளக்க, அக்குறிப்பு எழுதாமல் விட்ட பக்கங்களை நாம்தான் எழுதவேண்டியிருக்கிறது.